பிரித்துக் கொடுத்தோம், ஒன்றாகக் கொட்டினார்கள்!

"உங்கள் தெருவில் குப்பை எடுப்பது உங்களுக்குத் திருப்தியா?" என்று ஆசிரியர் சில இதழ்களுக்கு முன் ஒரு பெட்டிச் செய்தி போட்டார். வந்த கடிதங்களைக் கட்டாகக் கட்டி என்னிடம் தள்ளிவிட்டார். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. திட்டி எழுதியவர்களே அதிகம். தெருப் பெயர், கதவு எண் எல்லாம் எழுதிவிட்டு, "பெயர் போட்டுவிடாதீர்கள், நாளைக்கு வண்டிக்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்" என்று அடியில் ஒரு வரி சேர்த்தவர்களும் உண்டு. அதனால் பெயர் இல்லை. ஊரும் பொத்தாம்பொதுவாகத்தான்.

ஒரு வாசகி, சென்னைப் புறநகர்: பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி இரண்டும் வாங்கி, வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டு, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வைக்கிறேன். வண்டிக்காரர் இரண்டையும் ஒரே டிரம்மில் கவிழ்க்கிறார். மாடியிலிருந்து பார்த்த என் மாமியார், "இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்கிறார். பிரிப்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான், அம்மா. நீங்கள் பார்த்தது உண்மை. அவர் ஏன் அப்படிக் கவிழ்க்கிறார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் மஸ்டர். வருகைப் பதிவு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு பீட், அதாவது இத்தனை தெரு என்று கணக்கு. பேட்டரி வண்டியில் பச்சையும் நீலமுமாக டிரம்கள் சரிபாதியாக நிற்கும். நம் வீட்டுக் குப்பை சரிபாதியாகவா வருகிறது? காய்கறித் தோல், மிஞ்சின சோறு, சாம்பார் வண்டல், டீத்தூள், சாமிக்குப் போட்ட பூ என்று எடையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. பீட்டில் பாதித் தெரு தாண்டுவதற்குள் பச்சை டிரம் நிரம்பிவிடும். நீலத்தில் இடம் இருக்கும். திரும்பிப் போய்க் கொட்டிவிட்டு வர நேரமும் கிடையாது, பேட்டரியில் சார்ஜும் கிடையாது. அப்புறம் என்ன, உங்கள் மாமியார் பார்த்ததுதான். பக்கத்து பீட்காரர் லீவு என்றால் அவருடைய தெருக்களும் இவர் தலையில் விழும். அன்றைக்குப் பிரிப்பது என்ற பேச்சே எழாது.

வண்டியில் ஒழுங்காக வந்தாலும் அடுத்த இடத்தில் கெடலாம். சின்ன வண்டிகள் எல்லாம் கொண்டுவந்து மாற்றிவிடும் இடத்தில், குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரி நிற்கும். பெரும்பாலான லாரிகளில் உள்ளே தடுப்பு கிடையாது. போட்டதெல்லாம் ஒரே அழுத்தில் ஒன்றாகிவிடும். அதனால் வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் வார்டின் ஈரக் குப்பை எங்கே இறங்குகிறது, நுண் உரக் கூடத்திலா, நேராகக் கிடங்கிலா என்று கவுன்சிலரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் கேளுங்கள். உரக் கூடம் என்று சொன்னால் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். வேலை நடக்கிற கூடத்தில் குப்பையை நறுக்கித் தொட்டிகளில் போட்டு, சாணக் கரைசல் மாதிரி ஏதாவது தெளித்து, அவ்வப்போது புரட்டி, 40 நாளுக்கு மேல் ஆனபிறகு சலித்துக்கொண்டிருப்பார்கள். தொட்டிகள் காய்ந்துபோய், உள்ளே நாய் படுத்திருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிரிப்பதை நிறுத்த வேண்டாம். ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். உலர்ந்த குப்பையைத் தினமும் கொடுக்காதீர்கள். பால்கனியில் ஒரு சாக்கு வைத்துச் சேர்த்து, வாரத்தில் ஒரு நாள் மொத்தமாகக் கொடுங்கள். மற்ற நாளெல்லாம் உங்கள் வீட்டிலிருந்து ஈரக் குப்பை மட்டும் போனால், அவர் கலப்பதற்கு ஒன்றும் இருக்காது. பால் கவர், எண்ணெய் கவர், தயிர் டப்பாவை ஒரு தடவை அலசிக் கவிழ்த்துவிட்டால் வாரம் முழுக்க வைத்தாலும் நாறாது. பால் கவரின் மூலையைத் துண்டாக நறுக்கி எறியாமல், கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி கீறி ஊற்றுங்கள். அந்த நகத்தளவு துண்டை யாராலும் பொறுக்க முடியாது. அது சாக்கடைக்குத்தான் போகும். முழுக் கவருக்கோ விலை உண்டு. வண்டியின் பக்கத்தில் ஒரு சாக்கு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டை, பாட்டில், பால் கவரெல்லாம் அதில் சேர்ந்து பழைய பேப்பர் கடைக்குப் போகும். அவருக்கு அது கைச்செலவுக் காசு. கடைக்காரர் தொடாதது சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை மாதிரி உள்ளே பளபளக்கிற கவர்களைத்தான். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது அது. உருக்கினாலும் பிரியாது. பெரும்பாலும் சிமென்ட் ஆலை உலையில் எரிப்பதுதான் அதற்கு வழி.

உங்கள் மாமியாரை ஒரு நாள் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலைப் பக்கம் கூட்டிப் போங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் பெருங்குடிக் கிடங்கு. அந்தச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியது. அதன் மடியிலேயே ஊர்க் குப்பையைப் பல ஆண்டுகள் கொட்டினோம். அந்த மேட்டைத்தான் தோண்டி, சலித்து, மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்தார்கள். எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் லாரியில் அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளுக்குப் போயின. அடுக்களையில் இரண்டு தொட்டியில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்குப் பொக்லைன், சல்லடை எந்திரம், கோடிக் கணக்கில் டெண்டர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தென் மாவட்டம்: தூய்மைக் கணக்கெடுப்பு என்று இரண்டு பேர் வந்தார்கள். என் போனை வாங்கி, எதையோ ஸ்கேன் செய்து, எல்லாக் கேள்விக்கும் "ஆம்" போட்டுவிட்டு, "ரொம்ப நன்றி சார்" என்று கிளம்பிவிட்டார்கள். என் திருப்தியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எங்கள் தெருவுக்கு வண்டி வந்து நாலு நாள் ஆகிறது.

பதில்: அடுத்த தடவை போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும், சார்.

அது ஸ்வச் சர்வேக்ஷன், தூய்மையில் நகரங்களை வரிசைப்படுத்த மத்திய அரசு நடத்தும் கணக்கெடுப்பு. 2016-ல் 73 நகரங்களோடு தொடங்கியது. மக்கள் கருத்துக்கும் அதில் மதிப்பெண் உண்டு என்பதால்தான் இந்த ஓட்டம். அப்படி ஓடியும் 2025 ஜூலையில் வந்த பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் சென்னைக்கு 38-வது இடம், மதுரைக்கு 40-வது. பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த இந்தூரில் வண்டியிலேயே ஈரத்துக்கு ஓர் அறை, உலர்ந்ததற்கு ஓர் அறை, நாப்கின் வகைக்கு ஓர் அறை என்று தடுத்து வைத்திருக்கிறார்கள். ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை அங்கே 2022-ல் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 550 டன் கொள்ளும் ஆலை அது. அந்த வாயுவில் பஸ் ஓடுகிறது. பஸ் ஓட வேண்டுமென்றால் குப்பை சுத்தமாகப் பிரிந்து வந்தே ஆக வேண்டும். நம் ஊர்களில் பிரித்த குப்பைக்காகக் கையேந்திக் காத்திருக்கிற ஆலை எது, சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் "திருப்தியா?" என்ற கேள்வியையே எடுத்துவிடுவேன். வாசலில் வந்து நிற்கிறவரிடம் குறை சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: போன வாரம் எத்தனை நாள் வண்டி வரவில்லை? எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? பிரித்ததைப் பிரித்தபடியே ஏற்றினார்களா? புகார் சொன்னீர்களே, யாராவது வந்தார்களா? மதிப்பெண் போடச் சொன்னால் இரண்டாவது கேள்விக்குத்தான் அள்ளிக் கொடுப்பேன். நான் வேலையில் இருந்தபோது "வண்டியே வரவில்லை" என்ற புகாரைவிட "எப்ப வருது, எப்ப போகுதுன்னே தெரியலை" என்பதுதான் அதிகம். ஏழரைக்கு வரும் என்றால் ஏழரைக்கு வாளியோடு வாசலில் நிற்பார்கள். ஆறரைக்கும் வரலாம், பத்துக்கும் வரலாம் என்றால், எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவள் என்ன செய்வாள்? கவரில் முடிந்து, போகிற வழியில் முனையில் வீசுவாள். நாலு நாளில் அது குப்பைமேடு. நேரத்தைச் சரிசெய்ய ஒரு பைசா டெண்டர் தேவையில்லை. யாரும் அதைத் தொடுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் நாலு நாள் விஷயத்தை எழுத்தில் கொடுங்கள். சென்னை என்றால் 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணும் உண்டு. மற்ற ஊர்களில் ஆணையருக்கு மனு, அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டம். நகரங்களில் பகுதி சபா என்று ஒன்று 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது. கிராம சபை மாதிரிதான். பெரும்பாலும் காலி நாற்காலிதான் இருக்கும். நாலு பேர் போய், "எங்கள் தெருவுக்கு வண்டி வரும் நேரத்தைத் தீர்மானத்தில் எழுதுங்கள்" என்று உட்கார்ந்தால் எழுதித்தான் ஆக வேண்டும்.

குடும்பத் தலைவி, காவிரிக் கரை: முனையில் இருந்த பெரிய தொட்டியை எடுத்துவிட்டார்கள். தொட்டி இருந்த இடத்தில் இப்போது குப்பை. அதிகாரிகள் வந்து சுத்தம் செய்து கோலம் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் கோலத்தின் மேல் குப்பை.

பதில்: கோலத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கொஞ்ச நாளாவது நம் ஆட்களுக்குக் கை கூசும். ஆனால் அந்தத் தெருவில் வண்டி ஒரு நாள் வராமல் போனால் கோலத்தின் ஆயுள் முடிந்தது. தொட்டியை எடுக்கும் முன்பு அந்தத் தொட்டியை நம்பி இருந்தவர் யார் யார் என்று பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் வீடுகள் இருக்காது. டிபன் கடை, கோழிக்கடை, இளநீர் வண்டி. அவர்களுக்குக் குப்பை சேர்வதே ராத்திரி. காலை வண்டியால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? ராத்திரி ஒரு நடை வரச் சொல்லிக் கேளுங்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை: எங்கள் வளாகத்தில் 60 வீடுகள். "நீங்கள் பெருமளவு குப்பை உருவாக்குபவர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சொத்து வரி கட்டவில்லையா நாங்கள்?

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் விதி அவர்கள் பக்கம். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால் அந்த வளாகம் தனிக் கணக்கு என்பது 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. ஆளுக்கு அரைக் கிலோ, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் உங்களுக்கு 120 கிலோ வருகிறது. ஆனால் இது காகிதக் கணக்கு. பூட்டிக் கிடக்கும் வீடு எத்தனை, இரண்டே பேர் இருக்கும் வீடு எத்தனை? காயலான் கடையிலிருந்து ஒரு தராசை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் அந்தத் தாளோடு போய் வாதாடலாம். மேலே இருந்தால் ஈரக் குப்பையை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குங்கள். உலர்ந்ததை எடுத்துப் போக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து இலையைத் தயவுசெய்து எரிக்காதீர்கள், அதுவும் விதிப்படி குற்றம். உரத்துக்கு அந்த இலைதான் வேண்டும்.

ஒரு வாசகர், கொங்குப் பகுதி: வண்டிக்காரர் மாதம் நூறு ரூபாய் கேட்கிறார். கொடுக்காத வீடுகளில் குப்பையை விட்டுவிட்டுப் போகிறார். இது லஞ்சம் இல்லையா?

பதில்: கொடுக்காத வீட்டில் எடுக்காமல் போனால் அது தப்பு. மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். தீபாவளிக்கு நீங்களாகப் பார்த்துக் கொடுப்பது வேறு. அதற்குள் நான் நுழையவில்லை.

அவர் பக்கமும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்கள் தெருவுக்கு வருகிறவர் பெரும்பாலும் நகராட்சி ஆள் கிடையாது, ஒப்பந்ததாரரின் ஆள். சென்னையில் 2000-ல் முதன்முதலாகச் சில மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குத் தருவதை எதிர்த்தும், பணி நிரந்தரம் கேட்டும் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ராத்திரியில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த நாட்களில் அந்த மண்டலத்துத் தெருக்கள் எப்படி இருந்தன என்பதையும் படித்திருப்பீர்கள்.

நூறு ரூபாய் கொடுக்காவிட்டால் போகிறது. குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பெண் பணியாளர் என்றால், கழிப்பறை வேண்டுமா என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்கச் சொல்லுங்கள். விடியற்காலை வந்து மதியம் வரை தெருவிலேயே நிற்கிறார்கள். நான் இருந்த ஊரில் அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்த பெண்கள் பலர். அதிகாரியாக நான் போட்ட எந்த உத்தரவாலும் தீராத விஷயம் இது. தெருவில் ஒரு வீடு கதவைத் திறந்தால் தீர்ந்துவிடும்.

இளம் தாய், வேலூர்ப் பக்கம்: டயப்பர், நாப்கின் எந்தத் தொட்டியில்?

பதில்: இரண்டிலும் வேண்டாம். தனியாக. பேப்பரில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, வண்டிக்காரர் கையிலேயே கொடுங்கள். வட்டத்தைப் பார்த்தால் பிரிக்கிற கூடத்தில் யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். டயப்பரில் உள்ளதைக் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுற்றுங்கள். கூடவே இன்னொன்று: பிளேடு, உடைந்த கண்ணாடி, இன்சுலின் ஊசி. இவற்றை ஒரு தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகிவிடுங்கள். கையுறை போட்டிருக்கிறார்களே என்று நினைக்காதீர்கள், ஊசி கையுறையைத் தாண்டிப் போகும்.

வீட்டு உரிமையாளர், மேற்கு மாவட்டம்: சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் வாங்குகிறார்கள். வண்டியோ ஒரு நாள் விட்டு ஒரு நாள். கட்டாமல் இருந்தால் என்ன?

பதில்: நிலுவை என்று ஏறும், பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு என்று போகும்போது நீட்டுவார்கள். கட்டிவிட்டு ரசீதின் நகலோடு, வண்டி வராத தேதிகளைக் காலண்டரில் குறித்து, அந்தத் தாளையும் சேர்த்து மனு கொடுங்கள். தேதி போட்ட புகாரைக் கண்டால் அலுவலகத்தில் கொஞ்சம் பயம் உண்டு. ஒப்பந்ததாரருக்குப் பணம் பிடிக்க அவர்களுக்கே அது தேவைப்படும்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: இளநீர் மட்டையை வண்டியில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். அது மக்கும் குப்பைதானே?

பதில்: மக்கும். உங்கள் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு மக்கும். நாலாகப் பிளந்து வெயிலில் காயப்போடுங்கள், மண் தொட்டிக்கு அடியில் போட ஆகும். கொட்டாங்குச்சியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். கரி சுடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள்.

ஒரு வாசகி, திருச்சி: மொட்டை மாடியில் வாளியில் உரம் போட ஆரம்பித்தேன். திறந்தால் ஒரே புழு, நாற்றம். கணவர் வாளியோடு என்னையும் வெளியே போகச் சொல்கிறார்.

பதில்: புழுவும் நாற்றமும் வேறு வேறு சங்கதி. தடித்துப் பழுப்பாக நெளிவது ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழு. கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து மொய்க்காது. குப்பையைத் தின்று உங்கள் வேலையைத்தான் குறைக்கிறது. நாற்றத்துக்குக் காரணம் ஈரம். ரசம், மோர், மிஞ்சின குழம்பை வடிக்காமல் கொட்டியிருப்பீர்கள். வாளியில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பியைக் காய்ச்சிக் குத்துங்கள். இன்றைக்கு இருப்பதை ஒரு தடவை நன்றாகக் கிளறி, இரண்டு கை காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டு மூடுங்கள். இனி ஒவ்வொரு தடவை குப்பை போட்டதும் அதே அளவு சருகு. தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். கறி, மீன் எலும்பைக் கொஞ்ச நாள் அதில் போடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கிவிடும். புழு அதிகம் என்று தோன்றினால் பக்கத்தில் கோழி வளர்ப்பவர் யாரென்று விசாரியுங்கள், சந்தோஷமாக வந்து எடுத்துப் போவார்.